ஒன்பதாவது இலக்கம்

அன்று பொலிஸில் யார் முதலில் பேசியது, யார் அடுத்துப் பேசியது என்பது சுதர்ஷினிக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. முதலில் பேசியவர் சார்ஜன்ட். சாள்ஸின் அடையாள அட்டையை மேசைமேல் வீசினார். இது கள்ள அட்டை, கடைசி இலக்கத்தைப் பேனாவால் மாற்றி எழுதியிருக்கிறான், உண்மையில் இவன் யார் என்று சிங்களத்தில் கேட்டார். சுதர்ஷினி அதைத் தமிழில் ரோசம்மாவிடம் சொன்னாள். சாள்ஸ் ரோசம்மாவின் தம்பி. கொழும்புக்குப் போகிற ரயிலிலிருந்து அவனை இறக்கி இரண்டு நாளாகியிருந்தது. உள்ளே எங்கோ வைத்திருந்தார்கள். கண்ணில் காட்டவில்லை.

அடுத்துப் பேசியவள் ரோசம்மா. யாரும் எதையும் மாற்றவில்லை என்றாள். தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். ரப்பர் பால் அதன்மேல் கொட்டிக் காய்ந்துவிட்டது. பிளேடால் சுரண்டியிருக்கிறான், பாலோடு சேர்ந்து கடைசி இலக்கமும் போய்விட்டது. போனதைத் தானே பேனாவால் எழுதிக்கொண்டான்.

"அது மூணு. இந்த மடையன் எட்டுன்னு எழுதி வச்சிருக்கான்" என்றாள்.

சுதர்ஷினி ஒரு சொல் விடாமல் சொன்னாள். மடையன் என்பதைக்கூட விடவில்லை. மூன்று என்று இவளுக்கு எப்படித் தெரியும், அட்டையின் நகல் ஏதும் இருக்கிறதா என்று சார்ஜன்ட் கேட்டார்.

நகல் எதற்கு என்று சொல்லிக்கொண்டே ரோசம்மா பைக்குள்ளிருந்து நீல அட்டை போட்ட கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "முன்னாடி உள்ள எட்டும் சரியா இருந்தா ஒம்பதாவது தன்னால வரும். மூணு போட்டாத்தான் கணக்கு நிக்கும். எட்டு போட்டா, அப்பிடி ஒரு நம்பர் இந்த நாட்டுலயே கெடையாது. கொழும்புக்குப் போன் போட்டுக் கேக்கச் சொல்லு. நானே கண்டுபிடிச்சேன்னும் சொல்லு."

சுதர்ஷினி சொல்லத் தொடங்கும்போதே சார்ஜன்ட் கொப்பியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். பக்கம் பக்கமாக அடையாள அட்டை எண்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பெயர், கீழே பெருக்கலும் கூட்டலும். அவருடைய முகம் போன போக்கைச் சுதர்ஷினி பார்த்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைப்பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுக்கிற ஒரு பெண், அரசாங்கம் எண்ணுக்குள் வைத்த கணக்கைத் தானாகக் கண்டுபிடித்தாள் என்பதை வாய்க்குள் சிங்களமாக்கிப் பார்த்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத்தான் கேட்டது. அதைவிட ஆபத்தில்லாத வாக்கியம் ஒன்று நாக்கில் வந்து நின்றது. யாரோ அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாங்க என்று முடித்துவிட்டாள்.

"கவுத?" என்றார் சார்ஜன்ட். யார் என்று.

ரோசம்மாவுக்குக் கடைச் சிங்களம் உண்டு. அரிசி வாங்கவும், மண்ணெண்ணெய் வாங்கவும், பஸ்ஸில் சண்டை போடவும் போதுமானது. இதைப் புரிந்துகொள்ளவும் போதுமானதாக இருந்தது. திரும்பிச் சுதர்ஷினியைப் பார்த்தாள். பிறகு சார்ஜன்டிடம் நேராகவே சொன்னாள்.

"நே மாத்தயா. மமமய் ஹெவ்வே." இல்லை, நானேதான் கண்டுபிடித்தேன்.

சார்ஜன்ட் கொப்பியை மூடினார். இப்போதுதான் யாரோ சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார்கள்; அதற்குள் யாருமில்லை என்கிறார்கள். யாரை மறைக்கிறாய் என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிற்பகல் நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. கடைசி இலக்கம் மூன்றுதான். அன்று மாலையே சாள்ஸை வெளியே விட்டார்கள். ரோசம்மாவை உள்ளே வைத்தார்கள். கணக்குப் பிழையாக இருந்திருந்தால் பைத்தியக்காரி என்று விரட்டிவிட்டிருப்பார்கள். சரியாக இருந்துவிட்டது, அதனால் பிடித்து வைத்தார்கள். இது நடந்தது 1997இல். இதை நினைக்கும்போது இன்றைக்கும் சுதர்ஷினிக்குக் காது மடல் சுடுகிறது.

ரோசம்மா அறுபத்து மூன்றாம் ஆண்டு பிறந்தவள். ஊர், ரம்புக்கனையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, மேலே ஏறி வந்தால் வருகிற ரப்பர்த் தோட்டம். ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அவளுடைய படிப்பும் அங்கேயே முடிந்தது. தாய் செத்தபோது அவளுக்குப் பதினேழு, சாள்ஸுக்கு ஏழு. பத்தொன்பதில் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. தாய்மார் பால் வெட்டப் போனால், கைப்பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், பால் கலக்கிக் கொடுப்பதும், மூக்கைத் துடைத்துவிடுவதும் அவள் பாடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரையும் அவள் வாயே துரத்திவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள்.

எண்ணைக் கண்டால் உடைத்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சேர்ச்சில் பாட்டு நம்பர் எழுதுகிற பலகையில் இருநூற்று இருபத்தொன்று என்று இருந்தால், பாட்டுத் தொடங்குமுன் பக்கத்தில் இருப்பவளின் காதில் "பதிமூணு பதினேழு" என்பாள். இருநூற்று இருபத்து மூன்று வந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடியும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், இது எதுக்கும் மசியாத நம்பர், ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் பிரியாது என்று, யாரோ தனக்குப் போட்டியாக வந்துவிட்டது போலச் சொன்னாள். பஸ் நம்பர், மரத்தில் அடித்த நம்பர், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற நம்பர் எதையும் விடமாட்டாள். அதைப் பார்த்துச் சனம் சிரித்தது. அவள் பதிலுக்குத் திட்டினாள்.

அடையாள அட்டை எண்கள் அவள் கைக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். யுத்தத்தால் சோதனைச் சாவடிகள் பெருகிப்போய், அட்டை இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது என்றாகியிருந்தது. அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ரோசம்மா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சும்மாவே நிரப்பிக் கொடுத்தாள். அட்டை வந்ததும் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போக வேண்டும், அதுதான் அவள் கேட்ட கூலி. காட்டியதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஒன்பது இலக்கம். சேர்த்து வாசித்தால் கோடிக் கணக்கில் போகும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த மூன்றும் பிறந்த நாள் என்பதை அவள் முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டாள்: சனவரி ஒன்றிலிருந்து எத்தனையாவது நாளோ அது. பெண்கள் எல்லாருக்கும் அந்த நாளோடு ஐநூறு கூடியிருந்தது. "வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள் பத்தலையாம் நமக்கு" என்று எரிந்து விழுந்தாள். தன்னுடைய எண்ணில் மட்டும் ஒரு நாள் கூடுதலாக இருப்பதாக நினைத்துப் பதிவுக்காரனைத் திட்டித் தீர்த்தாள். லீப் வருஷத்துக்காரர் தவிர, பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது, எந்த வருஷமானாலும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் போடுகிறார்கள் என்று கண்டுகொண்டாள்.

அடுத்து வருகிற மூன்றும் பதிவு வரிசை. மிஞ்சியது ஒன்பதாவது. அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. கிராமசேவகரிடம் கேட்டாள், உனக்கு எதற்கு என்றார்.

அந்த முடிச்சு அவிழ்ந்தது இரட்டையர்களால். மேல் லயத்துச் சதீஸும் சுரேந்திரனும் அரை மணி நேர வித்தியாசத்தில் பிறந்தவர்கள். இருவர் எண்ணிலும் முதல் ஏழு இலக்கம் ஒன்றே. எட்டாவது சதீஸுக்கு நாலு, சுரேந்திரனுக்கு ஐந்து. ஒன்பதாவது சதீஸுக்கு ஏழு, சுரேந்திரனுக்கு ஐந்து. எட்டாவது ஒன்று ஏறியதும் ஒன்பதாவது இரண்டு இறங்குகிறது. அப்படியென்றால் எட்டாவதை யாரோ இரண்டால் பெருக்குகிறார்கள். மற்ற இலக்கங்களையும் பெருக்குவார்கள். எதால்?

இதற்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பிள்ளைக்காம்பராவின் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் போட்டுப் போட்டு அழிப்பாள். பத்தால் வகுத்துப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. ஒன்பதால் பார்த்தாள். பதினொன்றால் வகுத்தபோதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. முதல் இலக்கத்தை மூன்றால் பெருக்கு, இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை ஏழால், அங்கிருந்து ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கு. எல்லாவற்றையும் கூட்டு. அதோடு ஒன்பதாவது இலக்கத்தையும் சேர்த்தால், பதினொன்றால் மிச்சமில்லாமல் பிரிய வேண்டும். சாள்ஸின் எண்ணுக்குக் கூட்டுத்தொகை நூற்றேழு. மூன்று சேர்த்தால் நூற்றுப் பத்து, பதினொன்று பத்து. எட்டு சேர்த்தால் நூற்றுப் பதினைந்து, ஐந்து மிஞ்சும். சாள்ஸின் எண்ணை இங்கே முழுதாக எழுதவில்லை. எண்களை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தாயிற்று.

பதினேழு பேருடைய எண் மட்டும் ஒத்துவரவில்லை. பதினேழிலும் ஒன்பதாவது சைபர். அவற்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

தோட்டத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கப்பிள்ளை நாகலிங்கம் ஒருநாள் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று, பத்துப் பேர் கேட்க, "என்ன ரோசம்மா, ஒனக்கு ஏத்த நம்பர் மாப்பிள்ளை இன்னும் அம்பிடலையா?" என்றார்.

"அம்பிட்டான் ஐயா. ஒங்க நம்பர் நாப்பத்தொண்ணுல ஆரம்பிக்குதுன்னு அவன்தான் சொன்னான். நாப்பத்தேழுல பொறந்தேன்னுல்ல ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நாகலிங்கம் சிரிக்கவில்லை.

பொலிஸுக்குப் போன அன்று சுதர்ஷினியைக் கூட்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை தமிழில் படித்து, அதற்கு மேல் டவுனில் சிங்களத்தில் படித்தவள் அவள் ஒருத்திதான். கடைச் சிங்களம் எல்லாருக்கும் வரும். அலுவலகங்களில் பேசுகிற கந்தோர்ச் சிங்களம் அவளுக்குத்தான் வரும். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் பிழையில்லாமல் பேசுவாள் என்று ரோசம்மா நம்பினாள்.

உள்ளே இருந்த இருபத்தாறு நாளும் ரோசம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி. யார் சொல்லிக் கொடுத்தது? எந்த ஊரான்? எங்கே சந்தித்தாய்? கள்ள அட்டை செய்ய இந்த எண்களை யாருக்குக் கொடுக்கப் போனாய்? நானேதான் என்றால் அடித்தார்கள். ஒரு காகிதம் தாங்க, இங்கேயே போட்டுக் காட்டுகிறேன் என்றாள். காகிதம் தரவில்லை. காகிதம் தந்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும் விஷயம். இவள் சொல்வது உண்மையா என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த தோட்டத்துப் பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆண் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முடிந்த முடிவு. அவர்கள் தேடியது அந்த ஆணைத்தான். அந்த ஆணை உண்டாக்கிக் கொடுத்தது சுதர்ஷினி.

கொப்பியை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கும் வந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் பெயர் வாசித்து நிறுத்தினார்கள். வெயிலில் நின்றவர்கள் பொலிஸைத் திட்டவில்லை. நம்ம நம்பரையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னது யார் என்று ரோசம்மாவைத் திட்டினார்கள். தங்களுக்கு அவள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. சுதர்ஷினியும் அந்த வரிசையில் நின்றாள். அன்று வாயைத் திறந்து, பிழையாகச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாதிரியார் ஒரு கடிதம் கொடுத்தார், தொழிற்சங்கத்து வக்கீல் ஒருவர் வந்தார், ரோசம்மாவை விட்டார்கள். கொப்பியைத் தரவில்லை. அவள் திரும்பி வந்தபோது பிள்ளைக்காம்பராவில் நாகலிங்கத்தின் மச்சாள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். ரோசம்மாவைப் புல்லுவெட்டப் போட்டார்கள். சாள்ஸ் கொழும்பில் ஒரு கடையோடு ஒட்டிக்கொண்டான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால், ஒன்ன யாரு அங்க வந்து கணக்குப் போடச் சொன்னா என்று கேட்பான். அவளுடைய கணக்கால் வெளியே வந்தவன் கேட்கிற கேள்வி அது.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் விண்ணப்பம் நிரப்பவில்லை. கேட்டு வந்தவர்களிடம், படிச்ச புள்ள இருக்கால்ல, அவகிட்டப் போங்க என்றாள். சுதர்ஷினியோடு ஏழு வருஷம் பேசவில்லை. ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால், நின்று, ஒதுங்கி, வழிவிடுவாள். ஒரு வசவு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

2004இல் சுதர்ஷினி கேகாலைப் பக்கம் ஓர் அரசாங்கக் கந்தோரில் தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் ஹபீலா கம்பியூட்டரில் விண்ணப்பங்களைப் பதிவு செய்வாள். ஒருநாள் ஓர் அடையாள அட்டை எண்ணை மெஷின் எடுக்க மறுத்தது. யாரோ கடைசி இலக்கத்தைப் பிழையாக எழுதிட்டாங்க என்றாள் ஹபீலா. பிழையென்று மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று சுதர்ஷினி கேட்டாள்.

"எல்லாத்தையும் பெருக்கிக் கூட்டிப் பதினொண்டால பிரிச்சுப் பார்க்கும். கடைசி இலக்கம் அதுக்குத்தானே இருக்கு. இது தெரியாதா உங்களுக்கு?"

ஹபீலா அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டாள். கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருந்ததற்காக ஒருத்தியை இருபத்தாறு நாள் அடித்தார்கள்.  சுதர்ஷினி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

ரோசம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, தண்ணீர் விழுகிற பீலியடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுதர்ஷினி நின்றபடியே, கந்தோரில் கேட்டதைச் சொன்னாள். நீங்க போட்ட கணக்கு சரி அக்கா, அப்படியே சரி என்றாள்.

"சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ வந்து சொல்லணுமாக்கும்" என்றாள் ரோசம்மா. ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது.

சுதர்ஷினி மற்றதையும் சொன்னாள். அன்று தான் சொன்ன அந்த வாக்கியம். பயந்துவிட்டேன் என்றாள்.

"பயந்தா வாய மூடிக்கிட்டு நின்னுருக்கணும். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல நானே பேசியிருப்பேன். யாரோ சொல்லிக் கொடுத்தாங்களாம். ஏன்டி, நீயும் லயத்துக்காரிதானே? என்னால முடியாதுன்னு நீயுமா நெனச்ச?"

அந்தக் கேள்வியைச் சுதர்ஷினி எதிர்பார்க்கவில்லை. இல்லை அக்கா, நம்ப மாட்டாங்கன்னுதான் என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. அன்று நீல அட்டைக் கொப்பி மேசைக்கு வந்தபோது, இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது உண்டு. அதை அதுவரை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ரோசம்மா கத்தியைத் துணியில் சுற்றினாள். "யாரு யாருன்னு அத்தன நாளும் கேட்டானுங்க. தப்பாச் சொன்னது அந்தப் புள்ளதான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ஒன்னையும் கொண்டாந்து போட்டிருப்பானுங்க. சொல்லல. அதுக்காக ஒன் மேல எனக்குக் கோவமில்லன்னு நெனச்சுக்காத."

நினைக்கவில்லை என்றாள் சுதர்ஷினி.

 பிறகு ரோசம்மா, அந்தப் பதினேழு சைபரையும் உள்ளே இருந்தபோதே அவிழ்த்துவிட்டதாகச் சொன்னாள். காகிதமில்லாமல், தலைக்குள்ளேயே போட்டுப் பார்த்திருக்கிறாள். கணக்கு அந்த இடத்தில் பத்து கேட்கிறது. ஓர் இலக்கம் வைக்கிற இடத்தில் பத்தை எப்படி வைப்பது? அதனால் சைபரைப் போட்டுவிட்டார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். ஆனால் பதினேழையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் உறுதி. எண்கள் கொப்பியில் இருக்கின்றன. கொப்பி அவர்களிடம் இருக்கிறது. தோட்டத்தில் இனி ஒருவரும் அவளுக்குத் தன் எண்ணைக் காட்டப்போவதில்லை.

"திங்கக்கிழம லீவு போட முடியுமா ஒனக்கு?" என்று கேட்டாள்.

போடலாம் என்றாள் சுதர்ஷினி.

"என்கூட அந்தப் பொலிஸுக்கு வா. என் கொப்பிய நான் கேக்கணும். நான் சொல்றத மட்டும் சொல்லு. யாரு சொல்லிக் கொடுத்தான்னு மறுபடியும் கேட்டா, ரோசம்மான்னு சொல்லு."